நாற்பதில் நின்ற திரை

வவுனியாவில் ஒரு நெல் ஆலையில், விதைநெல் உலர்த்தும் இயந்திரத்தைக் கணினியில் கவனிப்பது என் வேலை. மின்சாரம் போனாலும் ஜெனரேட்டரில் ஓடும் கணினி அது. அதனால் தங்கையின் கலியாணப் படங்களை வெளிநாட்டு அண்ணனுக்காக சீடியில் பதிய, ஸ்ரூடியோக்காரரின் பென் ட்ரைவை அதில்தான் செருகினேன். படங்களோடு வைரஸும் வந்தது எனக்குத் தெரியாது.

நெல்லைக் கிளறும் மல்லிகா அக்கா வந்தார். “தம்பி, நெல்லு கையைச் சுடுது. நிப்பாட்டுங்கோ.”

திரையில் நாற்பது பாகை, சரியான சூடு. “கொம்பியூட்டர் பிழையாக் காட்டாது அக்கா,” என்றேன்.

அரை மணி நேரம் கழித்து அவரே போய் சுவிச்சை நிறுத்தினார். இயந்திரம் அடங்கியது. திரையில் மட்டும் அது ஓடிக்கொண்டே இருந்தது, அதே நாற்பது பாகையில். வைரஸ் திரையை எப்போதோ உறைய வைத்திருந்தது.

பென் ட்ரைவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. சூடு மிஞ்சினால் விதை முளைக்காது; ஆனாலும் அந்த நெல்லை வழக்கம்போல விதைக்கென மூட்டை கட்டினார்கள்.

விதைப்புக் காலத்தில் கனகராயன்குளத்து விவசாயி ஒருவர் முளைக்காத நெல்லோடு வந்தார். “நான் ஊறவைச்சதில ஏதோ பிழை போல, தம்பி.”

“ஓம் ஐயா, இருக்கும்,” என்றேன்.

இன்று எந்தத் திரையையும் நம்பாமல் எழுந்துபோய்க் கையால் தொட்டுப் பார்க்கிறேன். அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லத்தான் இன்னும் எழுந்து போகவில்லை.