பாட்டு போதும்

ஜோசலின் பதினோரு ஆண்டுகளாகத் தாம்பரத்தில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் காலை ஏழு முதல் ஒன்பது வரை நிகழ்ச்சி நடத்துகிறார். பேசுவதற்கா சம்பளம் என்று யாராவது கேட்டால், "இல்ல, நிறுத்துறதுக்கு" என்பார். யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் அல்ல; கேட்டுக் கேட்டுக் கற்றது. ஒவ்வொரு பாட்டிலும் குரல் வருமுன் எத்தனை வினாடி இசை ஓடுகிறது என்று நான்கு நோட்டுகளில் எழுதிவைத்திருக்கிறார். பதினேழு வினாடி என்றால் பதினாறில் வாயை மூடிவிடுவார். ஒரு மணி நேரத்தில் பாட்டு முப்பத்தாறு நிமிடம், விளம்பரம் பத்து, பேச்சு பதினான்கு. குரோம்பேட்டைப் போக்குவரத்து நெரிசல் செய்தியும் அந்தப் பதினான்குக்குள்தான் அடங்க வேண்டும்.

சென்ற ஆண்டு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கிட்டு ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைப் பேருந்துகளிலும் அஸ்தினாபுரம் வீடுகளிலும் இருநூறு சீட்டுகள் கொடுத்தார்கள். ஒரே கேள்விதான்: காலை நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும்? நூற்றுப் பன்னிரண்டு பேர் இரண்டே சொற்களில் பதில் எழுதியிருந்தார்கள்: பாட்டு போதும்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜோசலின்," என்றார் கிட்டு. "பாட்டு மட்டும் இருந்தா போதும்ங்கறாங்க. ஒண்ணாந்தேதிலேருந்து கம்ப்யூட்டரே பாட்டு போட்டுடும்."

"அப்ப நான்?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்." யோசித்து முடித்துவிட்டவரின் முகம் அது.

ஜோசலின் சீட்டுகளைப் புரட்டினார். "பாட்டு போதும், நிறுத்துங்கன்னும் அர்த்தம் இருக்கலாமே சார்."

"அப்படி யாராவது எழுதுவாங்களா?"

"கேட்டுப் பாக்கலாம்."

"நாளைக்கு ஒரு தடவை கேளுங்க. கேட்டுட்டு உடனே பாட்டைப் போட்டுடுங்க."

மறுநாள் ஏழு மணிக்குக் கேட்டார். "போதும்னு எழுதினீங்களே, பாட்டு மட்டும் இருந்தா போதும்னா, இல்ல பாட்டு போட்ட வரைக்கும் போதும்னா?"

முதலில் தொலைபேசியில் வந்தவர் அஸ்தினாபுரத்துப் பாலாம்பாள், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. "இதுல என்னம்மா சந்தேகம்? பந்தியில பாயசம் போதும்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துவியா?"

அடுத்து அப்பாதுரை. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். வண்டியை ஓரங்கட்டியிருப்பதாக முதலிலேயே சொல்லிவிட்டார். "இன்னாக்கா சொல்லுது அந்தம்மா? காலையில எனக்கு டீ போதும்னா டீ வோணாம்னா அர்த்தம்? டிபன் வோணாம், டீ இருந்தா போதும். அதுமாரி பாட்டு போதும்க்கா. பேச்சு ஒரே பேஜாரா கீது."

பேச்சு எவ்வளவு பேஜார் என்பதை அவர் ஆறு நிமிடம் விளக்கினார். நேரமாச்சு என்று பின்னால் ஆட்கள் கத்துவதும் கேட்டது. பாலாம்பாள் இணைப்பை விடாமல் இருந்தார். "தம்பி, டீ வேற, பாயசம் வேற," என்றார். காரில் நாவலூர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரேஷ்மா, தனக்குச் சீட்டே தரவில்லை என்று ஐந்து நிமிடம் வருத்தப்பட்டார்.

ஜோசலின் மூன்று முறை பாட்டுப் பொத்தானில் விரல் வைத்தார். மூன்று முறையும் வேறு யாரோ தொடங்கிவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று பாட்டு, பாட்டு என்று சைகை காட்டிக்கொண்டிருந்த கிட்டு, எட்டு மணிக்கு மேல் காட்டவில்லை.

ஒன்பது மணிக்குக் கணக்கெடுத்தபோது பாட்டு ஒன்றுகூடப் போகவில்லை. அழைத்தவர்கள் பத்தொன்பது பேர்; அதில் பதினான்கு பேர் பேச்சே வேண்டாம் என்று சொல்ல அழைத்தவர்கள். ஜோசலின் பேசியது, நேரம் சொன்னதையும் சேர்த்து, ஏழு நிமிடம்.

"ரெண்டு மணி நேரமும் லைன் ஃப்ரீயாவே இல்ல," என்றார் கிட்டு. "பேச்சை எப்படிக் குறைச்சிட்டீங்க பாருங்க. இதைத்தானே நான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்."

கணினியை மறந்துவிட்டார்கள். ஜோசலினின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நேயர்கள் மூச்சு வாங்குவதற்காக மணிக்கு இரண்டு பாட்டு உண்டு. தொகுப்பாளர் மணிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று மட்டும் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றாம் தேதி வந்த முதல் அழைப்பு அப்பாதுரையுடையது. "இன்னாக்கா, வாயே தொறக்க மாட்டேன்ற. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேண்ணா," என்றார் ஜோசலின். "நீங்க சொல்லுங்க."