ரெண்டு கார்டு, ஒரு மயில்

என் கணினிக்கு வயது முப்பத்தாறு. விசைப்பலகையும் இயந்திரமும் சேர்ந்த ஒரே பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. எதையும் பிளாப்பியில்தான் சேமிக்க வேண்டும். மார்கழியில் என் மனைவி கோலத்தை முதலில் அதன் திரையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் இறங்குவாள். அப்படிப் பதினான்கு பிளாப்பிகள் சேர்ந்தன.

பக்கவாதத்தில் அவளுடைய வலது கை போனபிறகு, ஒருநாள் கேட்டாள்: "இன்னாங்க, அந்த மயிலு கோலம் இருக்குதா பாருங்க."

பீரோவைத் திறந்தேன். பதினான்கிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்துப் போட்டால் ஒருமுறை ஓடும்; மறுமுறை ஓடாது. ஓடும் அந்த ஒருமுறையிலேயே வேறெங்காவது மாற்றிவிட வேண்டும். இந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் பழைய ஹார்ட் டிஸ்க் விலை கேட்டேன், பென்ஷனுக்குக் கட்டாது. கடைசியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சர்க்யூட் பலகை வாங்கிப் பின்னால் சொருகினேன். அதில் மெமரி கார்டைப் போட்டால் இயந்திரம் அதையே ஹார்ட் டிஸ்க் என்று நம்பிக்கொள்ளும். பதினோரு பிளாப்பிகளை ஏற்றினேன். நான்காவதில் மயில் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்தாள். மற்ற மூன்றும் ரொம்ப மோசம். தொடப் பயந்து வைத்துவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். கார்டு கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற கவலை என்னை விடவில்லை. இன்னொரு பிரதி வேண்டும். புதுக் கார்டு ஒன்று வாங்கி, இரண்டையும் எங்கள் செஞ்சி ஊர்ப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் கொடுத்தேன். "ரெண்டு கார்டு இருக்குது தம்பி, ஏத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவளுக்கு மாத்திரை வாங்க ஓடினேன். எதிலிருந்து எதற்கு என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கடைக்காரர் சிரித்த முகமாக இரண்டையும் நீட்டினார். "பழைய கார்ட போட்டதும் படிக்க முடியல, அழிச்சி ஃபார்மட் பண்ணவான்னு கம்ப்யூட்டரு கேட்டுச்சி சார், பண்ணிட்டேன். ரெண்டுலயும் பாட்டு ஏத்தியாச்சி. சாமிப் பாட்டு தனியா இருக்குது."

"நான் பாட்டா கேட்டேன்? அதுல கோலம் இருந்துச்சிய்யா!"

"கோலமா? கார்டுல ஏத்துன்னா பாட்டுதான சார் ஏத்துவாங்க?"

"திரும்ப எடுக்க முடியாதா?"

அவர் முகம் சுருங்கியது. "மேலயே பாட்டு ஏறிடுச்சி சார். ரெண்டும் ஃபுல்லு."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இனிமே யாராண்டயும் குடுக்காதீங்க" என்றாள். நான்காவது பிளாப்பியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கரகரவென்று தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

"விடுங்க, நான் சொல்றன், நீங்க போடுங்க" என்றாள் அவள். "இருபத்தொரு புள்ளி."

திரையில் ஒரு வரிசைக்கு இருபத்தொரு புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தேன்.

"அடுத்த வரிசை நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?"

புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வருமா, இரண்டு புள்ளிக்கு நடுவில் வருமா என்பதுதான் கேள்வி. அது தெரியாமல் இரண்டாவது வரிசை போட முடியாது. அவள் இடது கையால் காற்றில் எதையோ வளைத்துப் பார்த்தாள். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"கைக்குத்தாங்க தெரியும்" என்றாள்.