பாதியில் நின்ற பீப்பாய்

அண்ணை இறந்த பிறகு ஹரோவில் அவருடைய வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் முழங்காலில் ஒரு பீப்பாய் இடிக்கும். குசினிக்கும் பின்கதவுக்கும் இடையிலான ஒடுங்கிய வழியில், கழுத்தில் வால்வோடு நின்றது அது. மதுக்கடைகளுக்குப் பியர் நிரப்பி அனுப்புவார்களே, அந்த எவர்சில்வர் பீப்பாய். இழுத்து மூடப்பட்ட ஒரு சிறிய பியர் ஆலையிலிருந்து அண்ணை விலைக்கு வாங்கி வந்திருந்தார். மேற்பக்கத்தை வட்டமாக அறுத்தெடுத்து, அடியில் ஒரு குழாய் பொருத்தினால் வீட்டிலேயே பியர் காய்ச்சும் அண்டா தயார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மார்க்கரால் வட்டமும் போட்டிருந்தார். அதோடு சரி. ஒரு காலையில் வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

அண்ணை எதையும் முடித்த மனிதரல்ல. குளியலறையில் பாதிச் சுவருக்கு மட்டும் புது ஓடு பதித்திருந்தார். மாடிப்படிக் கைப்பிடியில் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி பழைய மரநிறம். அவர் இருந்த காலத்தில் இதையெல்லாம் காட்டி அண்ணி சிரிப்பார். இப்போது அவற்றைக் கடக்கும்போது அண்ணியின் முகம் இறுகியது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அவர் அழவில்லை என்று தங்களுக்குள் கதைத்தார்கள். அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. கவுன்சில் அலுவலக வேலை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, வீட்டுக்கு வந்தால் அலுமாரியைக் கொட்டி அடுக்குவது, அடுக்கியதை மறுபடி கொட்டுவது. நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கேயாவது போக வேண்டும் போலிருக்கும். போன இடத்தில் இருப்புக்கொள்ளாது. தமிழ் வகுப்பு முடியும் நேரம் பார்த்துக் காரை எடுத்துக்கொண்டு ஹரோவுக்குப் போய்விடுவேன்.

அப்படியொரு சனிக்கிழமை அண்ணி வாசலிலேயே என்னை மறித்தார். "தம்பி, இந்தப் பீப்பாயைக் கொண்டுபோய் எறிவம். ஒவ்வொரு நாளும் இதைச் சுத்திப் போக என்னால ஏலாது."

பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு, பழைய சாமான்கள் போடும் கவுன்சில் இடத்துக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அது உருண்டு கதவில் முட்டியது. சிவப்பு விளக்கில் நின்றபோது அண்ணி முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "காரைத் திருப்புங்கோ."

"ஏன் அண்ணி?"

"எல்லாத்தையும் அரைவாசியில விட்டிட்டுப் போனார். நானும் இதை அரைவாசியில எறிஞ்சா, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அடுத்த வாரம் நான் போனபோது தோட்டத்தில் பீப்பாயை அறுக்க எல்லாம் தயாராக இருந்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது அறுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதை அண்ணி தேடிப் படித்து வைத்திருந்தார். வால்வை மெல்ல அழுத்தினார். சீறிக்கொண்டு காற்று வந்தது. கூடவே பழம்பியரின் புளித்த மணம். வேலை முடிந்து வந்து அண்ணை கதிரையில் சாயும்போது அவரிடம் வரும் மணம் அது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கையை எடுக்கவில்லை. சீறல் அடங்கியதும் வால்வைக் கழற்றி எடுத்தார்.

பிறகு அளவுநாடாவால் அண்ணையின் வட்டத்தை அளந்தார். மறுபடி அளந்தார். வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் வழியே அறுத்தால் விளிம்பு கோணலாகிவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து எடுத்து வந்தார். அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் பஞ்சை வைத்தபடி அப்படியே நின்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அழுதுகொண்டேதான் துடைத்தார். துடைத்த இடத்தில் தன் வட்டத்தைப் போட்டார்.

"நான் அறுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நீங்கள் அசையாமப் பிடியுங்கோ."

கண்ணாடியும் காதடைப்பும் அண்ணையின் தடித்த ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு அண்ணி இரும்பு அறுக்கும் மிஷினை எடுத்தார். பொறிகள் புல்லில் சிதறின. பக்கத்து வீட்டு யன்னல்கள் திறந்து மூடின. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அண்ணி கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சத்தம் விம்பிள்டன் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து எங்கள் மூத்த அக்கா வந்து இறங்கினா. "ஒரு வருஷம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம்கூட முடியேல்லை. வீட்டில சாராயம் காய்ச்சுறாய் எண்டு கோயிலில கதைக்கினம்."

"சாராயம் இல்லை மச்சாள், பியர்," என்றார் அண்ணி, அரத்தால் விளிம்பைத் தேய்த்தபடி.

அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டா. அண்ணியோடு நிற்பதா, அக்காவின் பின்னால் போவதா என்று தெரியாமல் கதவுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தேன். அண்ணி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அடியில் துளை போட்டுக் குழாயைப் பொருத்தினார். தண்ணீர் நிரப்பினால் ஒழுகியது. கழற்றிப் பூட்டினார், மறுபடி ஒழுகியது. ஒழுகுவது நின்ற அன்று அவர் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திவசம் முடியும்வரை அண்ணி பியர் காய்ச்ச அடுப்பு மூட்டவில்லை. அது அக்காவுக்காக. பிறகு ஒரு பகல் முழுவதும் முளைத்த பார்லி ஊறிய மால்ற் தண்ணீர் கொதித்தது, வீடெங்கும் வறுத்த தானிய வாசம். நொதிக்க வைத்து, போத்தலில் அடைத்து, காத்திருந்து, கடைசியில் அக்காவையும் கூப்பிட்டு முதல் போத்தலைத் திறந்தார். அக்கா தனக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் கிளாசை வாங்கி ஒரு மிடறு குடித்தா. முகத்தைச் சுளித்தா. கிளாசைத் திருப்பித் தரவில்லை.

"தம்பிக்குப் பிடிச்சிருக்குமோ?" என்று கேட்டா. தம்பி என்றது அண்ணையை.

அண்ணி அன்றுவரை பியர் குடித்ததில்லை. ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி விழுங்கினார்.

"தெரியாது மச்சாள். எப்பிடி இருக்கோணும் எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லை. இது அவற்ர இல்லை, என்ர." இன்னொரு வாய் குடித்தார். "சரியாக் கைக்குது. அடுத்தமுறை கசப்பைக் குறைக்கோணும்."