பன்னிரண்டாவது கொக்கி

ஹிண்டர்கார் மலையின் பனிச்சறுக்கு லிஃப்டுக்கு வருகிறவர்களுக்கு ரோஸ்விதா முதலில் கொடுப்பது கம்பளி. வணக்கமெல்லாம் அப்புறம்தான். ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி, கம்பியில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலே பதினான்கு நிமிடம் ஊர்ந்து போகும். கம்பளி இல்லாமல் போனவர்களுக்கு உச்சியில் இறங்கும்போது முழங்கால் நிமிராது. ஒரு காலத்தில் அவள் அறைச் சுவரில் அறுபது கம்பளிகள் தொங்கின. இப்போது பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு கம்பளி. அதிலும் பாதி, பல நாள் சுவரை விட்டு இறங்குவதே இல்லை. ஈ ஓட்டுகிறோம் என்று அலுத்துக்கொள்ளலாம் என்றால், அந்தக் குளிரில் ஈக்கு எங்கே போவது?

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு குளிர்காலமாக அதே அறை, அதே பொத்தான்கள். தாலி கட்டாத குறையாக லிஃப்டோடு வாழ்கிறாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். நிஜமாகக் கல்யாணம் செய்துகொண்டவன் பத்தாம் வருடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். லிஃப்ட் போகவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ஆளைக்கூடத் தவறவிட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஆள் இல்லாதபோது லிஃப்டைச் சும்மா ஓட்டக் கூடாது, மின்சாரம் தண்டம். ஆனால் யாரும் பாதி வழியில் தொங்கவும் கூடாதே! அதனால் கடைசியாக ஏறியவருக்கு அடுத்த நாற்காலியில் ரோஸ்விதா ஒரு நீலப் பால்சட்டியை மாட்டிவிடுவாள். உச்சியில் நிற்கும் லோரென்ஸ், சட்டி வந்து சேர்ந்ததும் போன் செய்வான். இவள் லிஃப்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். சட்டிக்குப் பின்னால் யாராவது ஏறினால், உடனே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அந்தப் பிப்ரவரி வியாழக்கிழமை பனி மாவு போல் விழுந்து கிடந்தது. அப்படிப்பட்ட பனியில் சறுக்க மொத்தம் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மூன்றரை மணிக்குக் கடைசியாக ஏறியவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவரும், வியாழன் தவறாமல் வரும் அக்கா தங்கை இருவரும்.

"மேல போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் கிழவி ஆயிடுவோம்டி ரோஸி" என்றாள் அக்கா.

"ஆகுறதுக்கு இன்னும் மிச்சம் இருக்கா? காலைத் தூக்கு!" என்று கம்பளியைச் சுற்றிவிட்டாள் ரோஸ்விதா. அவளுக்குப் பின்னால் சட்டியை மாட்டினாள்.

ஐந்து நிமிடம் கழித்து எங்கெல்பெர்ட் வந்தான். ஊர் மன்றத்தின் சார்பில் லிஃப்டைக் கவனிப்பவன். பள்ளியில் அவளைப் பார்த்துக் கணக்கு எழுதித் தேறியவன். அலுவலக ஷூவும் மெல்லிய கோட்டுமாக உள்ளே வந்து, கைப்பேசியை மேஜைமேல் வைத்தான்.

"ரோஸி, உக்காரு."

"உக்கார்ந்தா லிஃப்டை உங்கப்பனா பாப்பான்? விஷயத்தைச் சொல்லு."

"காலையில மன்றத்துல முடிவு பண்ணிட்டாங்க. இன்னியோட சரி."

"எது சரி?"

"லிஃப்ட். இன்னைக்குத்தான் கடைசி."

"சீசன் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கேடா!"

"ஆறு வாரம் ஓட்டப் பணம் எங்க இருக்கு? நான் கத்திப் பாத்தேன், ஒருத்தனும் கேக்கல." அவன் தரையைப் பார்த்தான். "நாற்காலிய எல்லாம் கழட்டி விக்கப் போறாங்க. டவுன்காரங்க தோட்டத்துல போட்டுக்குவாங்களாம். உனக்கு ஒண்ணு சும்மாவே தரச் சொல்லியிருக்கேன்."

அவளுக்குக் காது அடைத்தது. முப்பத்தோரு வருடத்துக்கு ஒரு நாற்காலி! பேயறைந்தவள் போல் நின்றாள்.

"லோரென்ஸ்கிட்டயும் நேர்லயே சொல்லிட்டு, இதுலயே திரும்பிடுறேன்" என்று எங்கெல்பெர்ட் வெளியே போனான். அவளும் பின்னால் போனாள். கை பழக்கத்தில் வேலை செய்தது. நாற்காலியைப் பிடித்தாள், உட்கார வைத்தாள், கம்பளியைச் சுற்றினாள், குறுக்குக் கம்பியைப் போட்டாள். முப்பத்தொன்றாம் எண் நாற்காலி அவனைச் சுமந்துகொண்டு மரங்களுக்குள் மறைந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் அதுவே அடித்தது. "அக்கா, சட்டி வந்துடுச்சு" என்றான் லோரென்ஸ்.

"சரி" என்று அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

லிஃப்ட் நின்றதும் மலையே வாயை மூடிக்கொண்டது போல் இருந்தது. எங்கெல்பெர்ட்டின் கைப்பேசி மேஜைமேல் அதிர்ந்தது. அவன் மனைவி. ரோஸ்விதா அதைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்து அறையைப் பெருக்கினாள். இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். காட்டுப் பக்கமிருந்து ஏதோ சத்தம் வந்தது. காகம் என்று நினைத்தாள். குளிர் அடித்ததால் கதவைச் சாத்தினாள்.

நாலே முக்காலுக்கு லோரென்ஸ் வந்து சேர்ந்தான். மேலே அறையைப் பூட்டி, மலையின் மறுபக்கச் சரிவில் யாரும் விழுந்து கிடக்கவில்லையே என்று பார்த்தபடி சறுக்கி இறங்குவது அவன் அன்றாட வேலை. "எல்லாரும் எறங்கிட்டாங்க அக்கா" என்று முதுகுப்பையிலிருந்து மூன்று கம்பளிகளை எடுத்துக் கொடுத்தான்.

அவள் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஏற்கெனவே எட்டு தொங்கின. இந்த மூன்றையும் சேர்த்துப் பதினொன்று. பன்னிரண்டாவது கொக்கி காலியாக இருந்தது.

"ஒண்ண மேல விட்டுட்டியா?"

"மூணு பேர் வந்தாங்க, மூணு கம்பளி. ஏன்?"

அவள் கொக்கியைப் பார்த்தாள். மேஜையில் கவிழ்ந்து கிடந்த கைப்பேசியைப் பார்த்தாள்.

"எங்கெல்பெர்ட்... எங்கெல்பெர்ட் மேலே வரலையா?"

"அவர் எதுக்கு வர்றார்?" என்று கேட்ட லோரென்ஸ், அவள் முகத்தைப் பார்த்து வெளிறிப்போனான். "ஐயோ, அக்கா!"

வெளியே மைனஸ் பதினான்கு டிகிரி. எங்கெல்பெர்ட் தொங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லோரென்ஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். உச்சியில் ஆள் இல்லாததால் நாற்காலியை முன்னே ஓட்ட முடியாது. பின்னோக்கி ஓட்ட ஒரு நெம்புகோல் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, சோதனைக்காக மட்டும் தொடுவது. ரோஸ்விதா இரண்டு கையாலும் அதை இழுத்தாள். சக்கரம் முனகிக்கொண்டு தலைகீழாகச் சுற்றியது.

காட்டிலிருந்து நாற்காலிகள் பின்புறமாக வந்தன. நாற்பத்தெட்டு, காலி. நாற்பத்தேழு, காலி. ரோஸ்விதா சாமியைக் கூப்பிட நினைத்தாள், வாயில் எண்கள்தான் வந்தன.

முப்பத்தொன்று வந்தது. கம்பளி தலைவரை மூடியிருந்தது. அசைவில்லை. லோரென்ஸ் கம்பியைத் தூக்கி அவனை அப்படியே அள்ளினான். கம்பளிக்குள்ளிருந்து பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் ரோஸ்விதா எண்ணுவதை நிறுத்தினாள். பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் போலீஸ்காரர் வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில், ஷூ கழற்றிய கால் மெழுகு போல் வெளுத்திருக்க, எங்கெல்பெர்ட் கிடந்தான்.

"யாரு உங்கள ஏத்திவிட்டது?"

"யாரும் இல்ல. நானே ஓடிப்போய் ஏறிக்கிட்டேன். இவளுக்குத் தெரியாது."

"கம்பளி?"

"கொக்கியில இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

ரோஸ்விதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட அவரும் லோரென்ஸும் வெளியே போனார்கள். அறையில் இருவரும் தனியாக இருந்தார்கள்.

"ஏன்டா பொய் சொன்னே?"

"ரோஸி, என் சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றாள். "காக்கான்னு நினைச்சேன்."

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"உன் பேரைச் சொல்லித்தான் கத்தினேன்" என்றான்.

அவனுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஊரில் யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். வேண்டுமென்றே செய்தாயா என்று அவளைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். இல்லை என்று அவளால் இன்றுவரை சத்தியம் செய்ய முடியவில்லை.

மே மாதம் நாற்காலிகளைக் கழற்றி விற்றார்கள். சொன்னபடி அவள் வீட்டு வாசலிலும் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார்கள். முப்பத்தொன்றாம் எண். யார் பொறுக்கி அனுப்பியது என்று அவள் கேட்கவில்லை. ஆப்பிள் மரத்தடியில் கிடக்கிறது. அவள் அதில் உட்கார்ந்ததில்லை. காட்டில் காகம் கத்தினால் மட்டும், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, கதவைத் திறந்து பார்க்கிறாள்.