தனகோட்டியின் காலி இடம்

“எந்தச் செய்தியையும், எவருக்கும், ஒரே பார்வையில் விளங்கவைக்கும் ஆற்றல் படைத்தவர்” என்று விளம்பரக் கலைப் பிரிவு மாணவரைச் சென்னை ஓவியக் கல்லூரி ஒன்றின் கையேடு வர்ணிக்கிறது. அந்தப் பிரிவில் கடைசி ஆண்டை எட்டியிருக்கும் தனகோட்டி, செஞ்சிக் கடைத்தெருவில் வீராசாமியின் டீக்கடை முன்னால் நின்று, தனக்கு முக்கால் கிளாஸ் டீ போதும் என்பதை வீராசாமிக்கு விளங்கவைக்கப் பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு ஊர் வந்து இறங்கிய நாளிலிருந்து பார்க்கிறான்.

“மேல கொஞ்சம் காலி இருக்கட்டும்ணே. அதான் அழகு.”

“அழகு உனுக்கு. டீய கம்மி பண்ணிட்டான் வீராசாமின்னு பேரு எனுக்கு.”

நுரை வழிய வழிய டீ வருகிறது. தனகோட்டி மேலாகக் கொஞ்சத்தைத் தரையில் சாய்த்து, கிளாஸை அழகாக்கிக்கொண்டு குடிக்கிறான்.

ஜிப்பா பையில் ஒரு போஸ்ட் கார்டு வைத்திருப்பான். அதன் நடுவில் சதுரமாக ஜன்னல் வெட்டியிருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்பான். ஆடு, மாடு, அம்மா சுடும் தோசை எதுவும் தப்பாது. வெளியூர்க்காரர்கள் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்து வாய் பிளப்பார்கள். தனகோட்டி வாய் பிளப்பது கோட்டைக்கு இடது பக்கம் இருக்கும் வெறும் ஆகாயத்தைப் பார்த்து. “எவ்ளோ எடம் வுட்டு வச்சிக்கிறான் பாரு,” என்பான். கடவுள் இல்லை என்பது அவன் கொள்கை. விட்டு வைத்தவன் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

வரைவது பாதி, வரையாமல் விடுவது பாதி என்று கல்லூரியில் ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். இதில் பின்பாதியைத் தனகோட்டி மிகுந்த ஊக்கத்தோடு கற்றான். சோற்றையும் பொரியலையும் இலையின் ஒரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மிச்சப் பச்சையை ரசிப்பான். அம்மா செல்லம்மாளும் அந்தப் பச்சையைத்தான் பார்ப்பாள். பிள்ளைக்குப் போதவில்லை என்று இன்னொரு கரண்டி வந்து நடுவில் விழும்.

“பட்டணத்துல இத்தினி வருசம் படிச்சு, சோத்தை ஓரங்கட்டக் கத்துக்கினு வந்துக்குது அண்ணன்,” என்பாள் தங்கை ஜானகி.

இவ்வளவு காலி இடம் பேசுகிறவனுடைய அறையில் மட்டும் கால் வைக்க இடம் கிடையாது. பெயிண்டு டப்பா, சுருட்டிய காகிதம், காய்ந்த தூரிகை எல்லாவற்றையும் தாண்டிப் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும்.

அப்பா பாண்டுரங்கனுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை, பின்கட்டில் வீடு. மகன் படிப்பது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால், “பெயிண்டு வேலை” என்பார்; பிறகு மரியாதை போதவில்லை என்று தோன்றி, “பெரிய பெயிண்டு வேலை” என்பார். இந்த விடுமுறையில் ஒரு நிபந்தனை வைத்தார்.

“கடைக்குப் புதுசா போர்டு எழுது. நாலு பேரு பாத்து நல்லாக்குதுன்னா கடைசி வருசமும் போய்ப் படி. இல்லன்னா அந்த மனைக்கட்டையப் போட்டுக்கினு கடையில குந்து.”

தனகோட்டி கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். பலகை ஏறியது. நல்ல மாம்பழ மஞ்சள். இடது கீழ்மூலையில், குனிந்து பார்த்தால் தெரியும்படி, ‘பாண்டுரங்கன் பாத்திரக் கடை’. மற்றபடி மஞ்சள்.

பாண்டுரங்கன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்.

“மீதிய எப்ப எழுதுவ?”

“அவ்ளோதான் நைனா. முடிஞ்சிடுச்சு.”

“பெயிண்டு தீந்துடுச்சா?”

“இல்ல நைனா. காலி எடம்தான் கண்ணை இழுக்கும்.”

“கண்ணை இழுத்து இன்னாடா பண்றது? ஆள இழுக்கணும்.”

ஆளையும் இழுத்தது. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பலகை என்றால் முதலாளி பெயர், அவர் அப்பா பெயர், விற்கிற சாமான் அத்தனையின் பெயர், இரண்டு பக்கமும் இரண்டு தெய்வங்கள், அதற்கும் மேல் சந்து கிடைத்தால் ஒரு தாமரை. புதுக் கூட்டாளி சேரப்போகிற கடையில் மட்டும் பாதிப் பலகையை வெறுமனே விடுவார்கள். நல்ல நாளில் அவர் பெயர் அதில் ஏறும். இது கடைத்தெருவில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். கடைத்தெருவிலேயே தவழ்ந்த தனகோட்டி மறந்துபோயிருந்தான்.

“யாரு பாண்டு, கூட்டாளி?” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வரிசையாக வந்து விசாரித்தார்கள். யாருமில்லை என்று பாண்டுரங்கன் சொல்லச் சொல்ல, பெரிய ஆளாகத்தான் இருக்கும் என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள்.

ஜானகியை அனந்தபுரம் பொன்னுசாமியின் மகன் வெங்கடரமணனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பொன்னுசாமி பஸ்ஸை விட்டு இறங்கினார், பலகையை அண்ணாந்து பார்த்தார், நேரே கடைக்குள் வந்து பாண்டுரங்கன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாயால சொல்லாம போர்டுல சொல்லிட்டீங்களே சம்பந்தி. மாப்பிள்ளைய கூட்டாளியா சேக்கப் போறீங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. பையன் பேரு கொஞ்சம் நீளம். எடம் பத்துமில்ல?”

கல்லூரிக் கையேடு சொன்னது பலித்துவிட்டது. ஒரே பார்வையில் ஒரு செய்தி விளங்கிவிட்டது. அது தனகோட்டி அனுப்பிய செய்தி இல்லை, அவ்வளவுதான்.

பொன்னுசாமியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய பாண்டுரங்கன் மகனைக் கூப்பிட்டார். அவர் அதட்டினால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“வர்ற வெள்ளிக்கிழம தட்டு மாத்த வர்றாங்க. நீயும் அன்னிக்குத்தான பட்டணம் போவணும்? அதுக்குள்ள அந்த போர்டுல ஒரு வெரல் வைக்க எடம் இருந்துச்சுன்னு வையி, நீ பஸ் ஏற வேணாம்.”

தனகோட்டி அன்று சாப்பிடவில்லை. இலை முழுவதும் காலியாக இருந்தும் அவனுக்கு அதில் அழகு தெரியவில்லை. ஜானகிதான் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு போர்டை ரொப்பினா ஒரு வருசம் காலி எடமா படிச்சுக்கலாமில்ல. ரொப்புண்ணே.”

காலி இடத்தின் கலையைத் தொடர்ந்து கற்பதற்காகத் தனகோட்டி ஏணியைச் சாய்த்துக்கொண்டு பலகையை ரொப்ப ஆரம்பித்தான். அண்டா வந்தது, குண்டான் வந்தது, தவலை, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு. ஒன்று சொல்ல வேண்டும்: பையனுக்கு வரைய வரும். பித்தளை பளபளத்தது, அண்டாவின் வயிற்றில் எதிர்ச் சாரி டீக்கடைகூடத் தெரிந்தது. பாண்டுரங்கன் கீழே நின்று, “அந்தச் சந்துல ஒரு லோட்டா போடு, இங்க ஒரு கிண்ணி போடு,” என்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கலையை அனுபவித்தார்.

வலது மேல்மூலையில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளைத் தனகோட்டி தொடவில்லை. ஏணியை எப்போதும் அதை மறைத்துச் சாய்த்து வைத்தான். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏணியைக் கொஞ்சம் நகர்த்தி, போஸ்ட் கார்டு ஜன்னல் வழியாக அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பழத்தட்டோடு அனந்தபுரத்துக்காரர்கள் வந்தார்கள். தனகோட்டி சலவைச் சட்டை போட்டு, கையில் தகரப் பெட்டியோடு, சாய்த்து வைத்த ஏணியடியில் நின்றான். பொன்னுசாமி தலையை உயர்த்தினார். மகன் பெயர் எங்கும் இல்லை. பாண்டுரங்கன் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்.

“எங்கங்க எடம் இருக்குது, சம்பந்தி?”

பொன்னுசாமி காதில் அது விழவில்லை. அவர் விரல் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்துகொண்டிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது.

“அண்டா. குண்டான். தவலை. குத்துவிளக்கு ஜோடியா.” முகம் மலர்ந்துவிட்டது. “இம்மாஞ் சீரா செய்யப்போறீங்க? எப்படிக் கேக்கறதுன்னு நான் கூச்சப்பட்டுக்கினு இருந்தேன். நீங்க படமே போட்டு மாட்டிட்டீங்க.”

பாண்டுரங்கன் மறுப்பதற்காக வாயைத் திறந்தார். கடைக்குள்ளிருந்து ஜானகியின் குரல் முந்திக்கொண்டது.

“ஆமாங்க மாமா. எல்லாம் நைனா பாத்துப் பாத்துப் போடச் சொன்னதுதான்.”

பாண்டுரங்கன் வாயை மூடினார். இனி அந்தக் கடையில் அவருக்கு மிஞ்சப்போவது பலகைதான் என்று வீராசாமி டீக்கடையிலிருந்து யாரோ சொன்னார்கள். பொன்னுசாமி இன்னும் பலகையை விடவில்லை. ஏணியைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.

“எல்லாம் இருக்குது. கரண்டி காணோமே? அதுக்குத்தான் இந்த எடமா?”

பாண்டுரங்கன் அந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பஸ் நிலையத்தில் சென்னை பஸ் ஹாரன் அடித்தது.

தனகோட்டி பெட்டியைக் கீழே வைத்தான். பெயிண்டு டப்பாவைத் திறந்து, ஏணியில் ஏறி, அந்த இடத்தில் ஒரு கரண்டி வரைந்தான்.