வாய் திறக்காத பிள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் இருந்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்து மூன்று வருடமாகியும் பதில் வரவில்லை. மேல்தளத்தில் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும். அவர்களுக்கும் பதில் வரவில்லை. எங்கள் இருவருடைய பிள்ளைகளுக்கும் ஏழு வயது, ஒரே வகுப்பு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்தவறிச் சொல்வதெல்லாம் அதிகாரிகளுக்குப் போகும் என்று யாரோ கோயிலில் வைத்துச் சொன்னார்கள். உண்மையா பொய்யா என்று கேட்க எனக்கு ஆளில்லை. "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக்கூடாது, விளங்குதோ?" என்று தினமும் சப்பாத்து மாட்டிவிடும்போது மகளுக்குச் சொல்லி அனுப்புவேன்.

ஒரு பின்னேரம் மாடிப்படியில் அந்தக் கொலம்பியப் பெண் தன் மகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்தெடுத்தேன். தங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அந்தச் சிறுமி ஆசிரியையிடம் சொல்லிவிட்டாளாம்; என் மகள்தான் எனக்குச் சொன்னாள். தாய் படியிலேயே இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு, "பேப்பர் இல்லை, பயம்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என் பிள்ளையை ஒருநாளும் இப்படி அடித்ததில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது.

அடுத்த கிழமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஆங்கிலம் ஓடாது. பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டேன்.

"என்னவாம் ரீச்சர்?"

"நான் நல்லாப் படிக்கிறனாம் அம்மா."

ஆசிரியையின் முகம் அப்படிச் சொல்லவில்லை. அவர் என் மகளையே திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளைக் கூட்டிப்போக வந்த கொலம்பியப் பெண்ணை அழைத்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, தன் உதட்டில் விரலை வைத்து, என் மகளைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். "ஸ்கூல், நோ டோக்."

பிறகுதான் விளங்கியது. வகுப்புத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை. பெயர் கூப்பிட்டாலும் பதிலில்லை. என்னோடு தமிழில் பேசியபோதுதான் ஆசிரியை முதன்முதலாக அவளுடைய குரலைக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனம்மா அங்க கதைக்கேல்லை?"

"நீங்கள்தானே ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு சொன்னனீங்கள்."

"அது எங்கட கேஸைப் பற்றியல்லோ."

"எது கேஸ் எண்டு எனக்குத் தெரியாதம்மா. அப்பா வேலைக்குப் போறது கேஸோ? நான் சோறு சாப்பிடுறது கேஸோ?"

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை. அந்த இயலாமைதான் கோபமாக வந்திருக்க வேண்டும். அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். "கதை! நாளைக்குப் போய்க் கதை!" என்று கத்தினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே ஒரு கதவு திறந்தது. யாரும் இறங்கி வரவில்லை. என்ன நடக்கிறதென்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

மாலையில் மேல்வீட்டுச் சிறுமியோடு மட்டும் அவள் ஆங்கிலத்தில் கலகலவென்று பேசுவது உட்கூரை வழியாகக் கேட்கும். நான் சமையலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்தச் சத்தமும் வசந்தகாலத்தோடு நின்றது. நாங்கள் விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்வீடு வெறுமையாகக் கிடந்தது. அனுப்பிவிட்டார்களா, தாங்களாகவே போனார்களா, இன்றுவரை தெரியாது. ஒரு மாதம்வரை மகள் படியேறிப் போய் அந்தக் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை.

அடுத்த வருடம் வகுப்பில் மெதுவாக ஒன்றிரண்டு சொல் பேசத் தொடங்கினாள் என்று ஆசிரியை சொன்னார். அது எதனால் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் செய்த எதனாலும் அல்ல.