ஆறு தகடு கழற்றிய நாள்

வேன் அக்கா என்றால்தான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளை அதட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முத்திரை குத்திய அரசாங்கக் கடிதம் வந்தால் மட்டும் பிரிக்கவே பயப்படுவாள்.

அந்த வாரம் வந்த கடிதத்தோடு வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. நடுவில் அவள் வீடு, நீலத் தகரக் கூரையோடு. பதிவேட்டிலோ ஓட்டுக் கூரை என்றிருந்ததாம். மாற்றியதற்கு அனுமதி எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

மாற்றியவர் அவள் கணவர், பம்புசெட் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடை முழுக்க, ஞாயிறு ஞாயிறாகத் தனி ஆளாகப் போட்ட கூரை. அவர் மேலே ஏறும்போது அவள் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். "டவுனுக்கு வெளிய கிடக்குறோம். நம்ம கூரையை எவன் எட்டிப் பாக்கப்போறான்?" என்றார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எல்லாம் புரியும், பதிலுக்கு "ம்ம்" ஒன்றுதான் வரும்.

அனுமதி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

"மாட்டுக் கொட்டகைன்னா பெர்மிட்டே வேண்டாம்மா. ஆளுங்க படுத்துத் தூங்குற வீடுன்னா வேணும். சொந்தமா போட்டுக்கலாம், ஆனா முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும்."

"இப்ப எழுதித் தர்றேன் மேடம்."

"தாங்க. ஆனா மூடுன வேலையைத் திறந்து காட்டணும். ஷீட்டுக்கு அடியில தண்ணி இறங்காத விரிப்பு போட்டிருக்கா? ஸ்க்ரூ எவ்வளவு தள்ளித் தள்ளி அடிச்சிருக்கு? போட்டவரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்கலாம். அவரும் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடும் ஏணியோடும் வந்து இறங்கினார். "என்னைத் தெரியலையா அக்கா? உங்க வேன்ல பின்சீட்டுல தினம் வாந்தி எடுத்தவன்."

"நீயாடா?" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "உக்காருங்க சார்" என்றாள். தெரிந்த பிள்ளை, கண்டும் காணாமல் விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை.

"ஆறு ஷீட் மட்டும் கழட்டுறோம்" என்றார் அவர். "பாக்காம கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் காத்துல பறந்தா என்ன பண்றது? கீழ படுத்திருக்கிறது அண்ணன்."

கணவரை வெளியே தூக்கி வைக்கப் பார்த்தார்கள். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேலே மெஷின் கர்ரென்று சுழல ஆரம்பித்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழலும் சத்தத்தோடு அவர் கண்ணும் சீலிங் பலகையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்ந்தது. வேன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். அவள் ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாள்.

"ஸ்க்ரூ வரிசையைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி. எங்க காண்ட்ராக்டருங்க கூட இப்படி அடிக்க மாட்டாங்க. ஆனா விரிப்புக்குப் பதிலா இது இருக்கு."

உரச்சாக்குகள். பிரித்து, இரண்டிரண்டாக மடித்து, ஓரம் தைத்தவை. அந்தத் தையல் அவளுடையது. எதற்கு என்று கேட்டபோது "தைச்சுக் குடு, அப்புறம் சொல்றேன்" என்றவர் பேச்சுப் போகும்வரை சொல்லவேயில்லை.

"ஒரு சொட்டு ஒழுகல சார்."

"தெரியுதுக்கா. மரம் காஞ்சுதான் இருக்கு. ஆனா விதியில சாக்கு இல்ல. ஃபெயில்னு எழுதுறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. மொத்தக் கூரையையும் பிரிக்கணும்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே எழுதினார்.

பள்ளி விடுமுறையில் கூரையைப் பிரித்தார்கள். கணவரை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தாள். சாக்குகளையாவது எடுத்து வைக்கலாமென்று அவள் போவதற்குள் ஆட்கள் குப்பை லாரியில் அள்ளிப் போட்டுவிட்டார்கள். புதுக் கூரைக்குப் பத்தே நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது.

அவரைத் திரும்ப அழைத்துவந்து வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்தினாள். "ஸ்க்ரூ எல்லாம் சரியா இருந்துச்சாம். உங்களை ரொம்ப மெச்சிக்கிட்டாங்க" என்றாள். அவர் பழுப்பு நிறக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார், உள்ளே கொண்டுபோ என்று.